‘டிஸின்டெக்ரேஷன்’ மனைவி இறந்த துக்கத்தில் பிறந்த ஆல்பம் இல்லை

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: ‘தி க்யூர்’ என்ற இங்கிலாந்து ராக் குழுவின் பாடகர் ராபர்ட் ஸ்மித் தன் மனைவி இறந்த துக்கத்தில்தான் ‘டிஸின்டெக்ரேஷன்’ ஆல்பத்தை எழுதினாராம், அதில் ‘லவ்சாங்’ அவருக்கான இரங்கல் பாட்டாம். படிக்க உருக்கமாக இருக்கிறது, ஆனால் பொய்.

ஸ்மித் பள்ளிக் காலத்துக் காதலி மேரியை 1988இல் கல்யாணம் செய்துகொண்டார், ஆல்பம் வந்தது 1989 மே மாதம். ‘லவ்சாங்’ மேரிக்கு அவர் கொடுத்த கல்யாணப் பரிசு, இதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசைப் பட்டியலில் 2ஆம் இடம் வரை போன பாட்டு அது. பில்போர்டு தளத்தில் 1989 அக்டோபர் பட்டியலை எடுத்தால் தெரிந்துவிடும்.

அப்புறம் ஆல்பத்தில் இருக்கும் அந்தச் சோக இருட்டு எங்கிருந்து வந்தது? முப்பது வயது நெருங்குகிற பயம், மன அழுத்தம், இதெல்லாம்தான் என்று ஸ்மித் சொன்னதுண்டு. ஆல்பத்தின் முதல் பாட்டான ‘ப்ளெயின்சாங்’ கேட்டுப் பாருங்கள், காற்றில் ஆடும் மணிகளின் சத்தம், திடீரென்று சுவர் மாதிரி எழும் சின்தசைசர், குரல் வரவே இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அவசரமே படாத இந்த இசைதான் இத்தனை வருடம் கழித்தும் ஆட்களை இழுக்கிறது என்பது என் எண்ணம், அதற்கு ஒரு சாவுக்கதை ஒட்டவைக்கத் தேவையே இல்லை.

சரி, அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள், அனுப்பியவரிடமும் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.