டாக்டர் கைராசி மட்டும் போதுமா?

எங்கள் கோத்தகிரிப் பக்கம் யாருக்காவது பைபாஸ், வால்வு ஆபரேஷன் என்று சொல்லிவிட்டால் உடனே வரும் கேள்வி, எந்த டாக்டர், கைராசிக்காரரா, நம்ம ஊர்க்காரங்க யாராவது அவரிடம் பார்த்திருக்காங்களா என்பதுதான். ராத்திரி ஐசியுவில் ஒரு நர்ஸ் எத்தனை பேரைப் பார்க்கிறார், அவர் பயப்படாமல் டாக்டருக்குப் போன் போட முடியுமா என்று ஒருத்தரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் விசாரிக்கணும்.

சித்திக்குக் கோயம்புத்தூரில் இதய வால்வு மாற்றினார்கள். பெயர் வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரி. நெஞ்சுக்குள் சேரும் ரத்தம் வெளியே வரக் குழாய் போட்டு, கட்டிலுக்குக் கீழே அளவுக்கோடு போட்ட டப்பா ஒன்று வைத்திருப்பார்கள், மணிக்கு மணி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எழுதணும். அன்று ராத்திரி அது ஏறிக்கொண்டே போயிருக்கிறது. டியூட்டியில் இருந்த பொண்ணு கூடலூர்க்காரி, கெட்டிக்காரி, பார்த்தவுடனே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் பெரிய டாக்டரைக் கூப்பிடவில்லை. அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் நடுராத்திரி போன் செய்த இன்னொரு நர்ஸை ரவுண்ட்ஸில் எல்லார் முன்னாடியும் வைத்துக் கிழித்திருக்கிறார் அந்த மனுஷன். டியூட்டி டாக்டரிடம் சொன்னால் அவரும் "இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம்" என்கிறார், அவருக்கும் அதே பயம். விடியும் நேரத்தில்தான் மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். சித்தி பிழைத்துவிட்டார். இதெல்லாம் அந்தப் பொண்ணே பிறகு என்னிடம் சொன்னது.

அந்த டாக்டரின் கைத்திறமையில் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் அந்த ராத்திரி அவருடைய திறமை தூங்கிக்கொண்டிருந்தது, எழுப்பத்தான் ஆளில்லை.

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கு இதய ஆபரேஷன் செய்து பலர் இறந்தார்கள். 1988இல் அங்கே சேர்ந்த மயக்க மருந்து டாக்டர் ஸ்டீபன் போல்சின் கணக்கெடுத்து மேலிடத்தில் சொல்லிப் பார்த்தார், யாரும் காதில் வாங்கவில்லை, கடைசியில் அவர்தான் ஆஸ்திரேலியாவுக்கு மூட்டை கட்டவேண்டி வந்தது. 2001இல் வந்த இயன் கென்னடி விசாரணை அறிக்கை, 1991 முதல் 1995 வரை மட்டும் ஒரு வயதுக்குட்பட்ட 30 முதல் 35 குழந்தைகள் மற்ற இடங்களைவிட அதிகமாக இறந்தன என்றது. அங்கே அப்போது இதய டாக்டர்கள் இருந்தது ஒரு கட்டிடம், ஓப்பன் ஹார்ட் ஆபரேஷன் நடந்தது இன்னொரு கட்டிடம். அதிகாரம் ஒரு சிலர் கையில், எதிர்த்துப் பேசினால் ஒதுக்கிவிடுவார்கள். இதில் கத்தி பிடித்தவர் தப்பு எவ்வளவு, நிர்வாகத்தின் தப்பு எவ்வளவு, நீங்களே சொல்லுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் ஆபரேஷனுக்கான செக்லிஸ்ட் ஒன்று கொண்டுவந்தது. கத்தி வைப்பதற்கு முன் தியேட்டரில் இருக்கும் எல்லாரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்லணும், அதுவும் அதில் ஒரு விதி. டெல்லி உட்பட 8 நகரங்களில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது (அந்தச் சோதனையில் இதய ஆபரேஷன் சேரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்). ஒருமுறை வாய் திறந்தவருக்கு அடுத்த முறை "சார், ரத்தம் அதிகமா வருது" என்று சொல்வது கொஞ்சம் சுலபம்.

நம்ம பக்கம் என்ன நடக்கிறது? மலையிலிருந்து நர்ஸிங் படித்துவிட்டுப் போகும் பிள்ளைகளின் சர்டிபிகேட்டை வாங்கிவைத்துக்கொண்டு, டபுள் டியூட்டி பார்க்கச் சொல்லும் இடங்கள் உண்டு. அப்படி நிற்கிற பிள்ளை யாரை எதிர்த்துப் பேசும்?

டிஸ்சார்ஜுக்குப் பிறகும் இதே கதைதான். மெட்டல் வால்வு வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்க ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிடணும், ஐஎன்ஆர் என்று, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் டெஸ்டைப் பார்த்துப் பார்த்து மாத்திரை அளவை மாற்றணும். குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டிவிடும், கூடினால் எங்கே ரத்தம் கசியும் என்று தெரியாது. அந்த டெஸ்டைக் கோத்தகிரியிலேயே எடுக்கலாம். ஆனால் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியிலோ காலை எட்டு மணிக்கு நேரில் வந்து டோக்கன் போடச் சொல்கிறார்கள். மேட்டுப்பாளையம் ரோட்டில் மண்சரிந்து கிடக்கும் மாதத்திலும் அதே எட்டு மணி. ரிப்போர்ட்டை வாட்ஸப்பில் அனுப்புகிறோமே என்று கேட்டதற்கு ரிசப்ஷன் பொண்ணு சொன்னாள்: "எனக்கும் புரியுது அண்ணா, மூணு பேஷண்ட் இதையே கேட்டாங்க, ஆனா இதை மேலே யார்கிட்ட சொல்றது?"