வாக்குறுதி தமிழில், எச்சரிக்கை ஆங்கிலத்தில்

சில வாரங்களாக என் நண்பர்கள் பலரும் ஒரே கருத்தை வெவ்வேறு சொற்களில் பகிர்ந்து வருகிறார்கள். என் உடலுக்கு எதைக் கொடுப்பது என்பதை நான்தான் முடிவு செய்ய வேண்டும்; ஆகவே மூலிகைச் சூரணங்கள் மீதும் சத்து மாத்திரைகள் மீதும் அரசு விதிக்கும் கட்டுப்பாடுகள் எல்லாம் தனிமனித சுதந்திரத்தைப் பறிப்பவை என்பது அவர்களின் வாதம். இதன் முதல் பாதியை முழு மனதோடு ஏற்கிறேன். அதிலிருந்து இரண்டாம் பாதி எப்படிப் பிறக்கிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. குடியாத்தத்தில் பிறந்து, பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்று, நாட்டு மருந்துக் கடைக்கும் ஆங்கில மருந்துக் கடைக்கும் ஒரே பையை எடுத்துக்கொண்டு போய் வருகிறவள் என்ற முறையில் என் எண்ணங்களை இங்கே எழுதுகிறேன். பதிவு நீளமானது, பொறுமையுடன் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வட ஆற்காட்டுக்காரர்களுக்கு மூலிகை என்பது நேற்று வந்த மோகம் அன்று. ஜவ்வாது மலையிலிருந்து கடுக்காயும் தேனும் சாமையும் இறங்கி வந்து விற்கும் சந்தைகளில்தான் நாங்கள் வளர்ந்தோம். அந்தக் கடுக்காய்க்கு எங்கள் பகுதியில் இன்னொரு பயனும் உண்டு. குரோமியம் உப்புகள் பரவலாவதற்கு முன்பு, தோல் தொழிலில் கடுக்காயும் ஆவாரம் பட்டையும்தான் தோலைப் பதப்படுத்தின. அழுகிப் போகக்கூடிய பச்சைத் தோலை ஆண்டுக்கணக்கில் உழைக்கும் தோலாக மாற்றும் அதே ஆவாரையின் பூவைத்தான் சர்க்கரை நோய்க்குக் குடிநீராகக் காய்ச்சிக் குடிக்கிறோம். ‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்று சொல்லி வந்தவர்கள் நம் முன்னோர்கள். எனவே தாவரங்களுக்கு வீரியம் கிடையாது என்று எங்கள் ஊரில் எவரும் என்னிடம் சொல்லிவிட முடியாது. ஆனால் வீரியம் உண்டு என்று ஒப்புக்கொண்ட மறுகணமே, அதற்கு அளவும் உண்டு, ஆகாத சேர்க்கையும் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. ‘பக்க விளைவே இல்லாதது’ என்று ஒரு டப்பாவின் மேல் அச்சிடுகிறவர், உள்ளே விளைவே இல்லாத ஒன்றை வைத்திருக்கிறார், அல்லது உண்மையைச் சொல்லவில்லை.

எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலமாகச் சாப்பிட்டு வருகிறேன். காலையில் ஆவாரம்பூக் குடிநீரும் குடிக்கிறேன். அது எனக்குப் பிடித்திருக்கிறது, அதன் இலேசான துவர்ப்பும் பிடித்திருக்கிறது. சர்க்கரை போட்ட தேநீரின் இடத்தை அது பிடித்துக்கொண்டதுதான் எனக்குக் கிடைத்த பெரிய நன்மை என்று நினைக்கிறேன். மூன்று மாதச் சராசரி காட்டும் பரிசோதனை ஒழுங்காக இருப்பதற்கு மாத்திரை, நடை, சாமைச் சோறு, குடிநீர் ஆகியவற்றுள் எது எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலாது. இயலும் என்று சொல்லி விற்பவர்களை நான் நம்புவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் என் பாதங்களில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வும் எரிச்சலும் தொடங்கின. உறவினர் ஒருவர், ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த விற்பனைக் கூட்டத்திலிருந்து, நரம்புகளை வலுப்படுத்தும் மூலிகை கேப்சூல் என்று ஒரு புட்டியை வாங்கி வந்தார். விலை என் மாத மளிகைச் செலவில் பாதிக்கு மேல் இருந்தது. மருத்துவரிடம் போனபோது அவர் இரத்தத்தில் பி12 அளவைப் பார்க்கச் சொன்னார். மிகக் குறைவாக இருந்தது. மெட்ஃபார்மினை நீண்ட நாள் சாப்பிடுவோருக்கு, குடல் அந்த வைட்டமினை உறிஞ்சுவது குறையக்கூடும் என்று விளக்கினார். பி12-ஐ எந்தச் செடியும் உருவாக்குவதில்லை, நுண்ணுயிரிகள்தான் உருவாக்குகின்றன, மீன், முட்டை, இறைச்சி, பால் வழியாக நமக்கு அது வந்து சேருகிறது. சிவப்பு நிறத்தில் இருக்கும் அந்த ஊசியைத் தொடர்ந்து போட்டுக்கொண்ட பிறகு எரிச்சல் படிப்படியாகத் தணிந்தது. ஆகவே சத்து மாத்திரைகளுக்கு நான் எதிரி அல்லள். எனக்கு எது குறைகிறது என்று தெரிந்த பின் வாங்கியது எனக்கு உதவியது. எவருக்கு எது குறைகிறது என்று பாராமல் மண்டபத்தில் எல்லாருக்கும் ஒரே புட்டியை நீட்டுவது வேறு காரியம்.

என் அம்மாவின் அனுபவத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இதய வால்வு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, இரத்தம் உறைவதைக் கட்டுப்படுத்தும் மாத்திரையை அவர் சாப்பிட்டு வந்தார். அந்த மாத்திரை சாப்பிடுவோருக்கு, இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். என்ற பரிசோதனையை அடிக்கடி செய்து, அளவு கூடினால் இரத்தக் கசிவு, குறைந்தால் இரத்தம் கட்டியாக உறைதல் என்ற இரு ஆபத்துகளுக்கும் நடுவில் நிறுத்தி வைப்பார்கள். சித்தி மகன் ஒருவன் உண்மையான பாசத்தோடு முருங்கைக்கீரைப் பொடி வாங்கிக் கொடுத்தான். கீரைகளில் வைட்டமின் கே மிகுதி. அது அந்த மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும். வழக்கமான அளவில் கீரை உண்பது வேறு, திடீரென்று நாள்தோறும் பொடியாக எடுத்துக்கொள்வது வேறு. அடுத்த பரிசோதனையில் அளவு இறங்கியிருந்தது. அம்மா மறைக்காமல் பொடியைப் பற்றிச் சொன்னார். அங்கிருந்த மருத்துவர், மற்ற நோயாளிகள் கேட்கும்படி, ‘இந்தக் குப்பையையெல்லாம் யார் சாப்பிடச் சொன்னது?’ என்று சத்தம் போட்டார்.

அன்று முதல் அம்மா எந்த மருத்துவரிடமும் எதையும் சொல்வதை நிறுத்திவிட்டார். பல் ஈறில் இரத்தம் கசியத் தொடங்கிய பிறகுதான், அரிசி டிரம்முக்குப் பின்னால் அவர் வைத்திருந்த மஞ்சள் கேப்சூல் புட்டி என் கண்ணில் பட்டது. குழம்பில் போடும் மஞ்சள் அன்று அது. மஞ்சளின் சத்தைப் பிரித்து அடர்த்தியாக்கி, உடல் அதை வேகமாக உறிஞ்சிக்கொள்வதற்காக மிளகின் சத்தையும் சேர்த்தது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையோடு அதைச் சேர்த்துச் சாப்பிடக் கூடாது என்ற எச்சரிக்கை புட்டியில் இருந்தது. மிகச் சிறிய எழுத்தில், ஆங்கிலத்தில் இருந்தது. என் அம்மா தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்.

அந்தப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்குப் பட்டதைத்தான் இத்தனை பீடிகையோடு சொல்ல வந்தேன். ‘மூட்டு வலியிலிருந்து விடுதலை’ என்ற வாக்குறுதி கொட்டை எழுத்தில் தமிழில் இருந்தது. அம்மாவைக் காப்பாற்றியிருக்க வேண்டிய வரி அவர் படிக்க முடியாத மொழியில் இருந்தது. இது ஒரு நிறுவனத்தின் தனிப்பட்ட தவறு அன்று. நம் நாட்டின் உணவு லேபிள் விதிகளின்படி கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும்; மாநில மொழியில் கூடுதலாக அச்சிடுவது அவரவர் விருப்பம். சத்து மாத்திரைகளுக்கான 2016-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை, ‘மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அன்று’ என்ற பொருள்படும் வாசகம் லேபிளில் இருக்க வேண்டும் என்கிறது. அந்த வாசகத்தைத் தமிழில் எந்தப் புட்டியிலும் நான் பார்த்ததில்லை. சித்த, ஆயுர்வேத மருந்துகளின் நிலையும் இதுவே. நஞ்சுத்தன்மை உள்ள சரக்குகள் என்று சட்டமே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது; எட்டி, ஊமத்தை, பாதரசச் சேர்மங்கள் முதலியவை அதில் அடங்கும். அவை சேர்ந்த உள்மருந்தின் மீது, மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கையை ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சிட வேண்டும் என்பது விதி. தமிழ் மருத்துவமான சித்த மருத்துவத்தின் மருந்தைக் குடியாத்தத்தில் வாங்கும் தமிழ்ப் பெண்ணுக்கு அந்த எச்சரிக்கை எட்டுவதற்குச் சட்டத்தில் வழியே வைக்கப்படவில்லை.

இப்போது சுதந்திரத்துக்கு வருகிறேன். தன் உடல் மீது ஒருவருக்கு உள்ள உரிமையை உச்ச நீதிமன்றம் அரசமைப்பின் 21-ஆவது பிரிவின் கீழ் தெளிவாக ஏற்றிருக்கிறது. தேறும் வாய்ப்பு இல்லாத நிலையில் சிகிச்சையை மறுக்கும் உரிமையை 2018-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஏற்றது. எவரையும் கட்டாயப்படுத்தித் தடுப்பூசி போட முடியாது என்று 2022 மே மாதத் தீர்ப்பு சொன்னது. இவற்றை நான் மதிக்கிறேன்; போற்றுகிறேன். ஆனால் இவை நோயாளியின் உரிமைகள். சூரணத்தில் என்ன இருக்கிறது என்பதை மறைக்கும் உரிமையையும், நீரிழிவை வேரோடு அறுப்போம் என்று விளம்பரம் செய்யும் உரிமையையும் இவற்றிலிருந்து எப்படிக் கறந்தெடுக்கிறார்கள்? நீரிழிவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆனாலும் உள்ளூர்த் தொலைக்காட்சியில் அந்த விளம்பரம் இரவெல்லாம் ஓடுகிறது. ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்து விளம்பரங்களுக்கு முன் அனுமதி பெற வேண்டும் என்று 2018-இல் ஒரு விதியைச் சேர்த்தார்கள்; 2024 ஜூலையில், இம்மருத்துவ முறைகளைக் கவனிக்கும் மத்திய ஆயுஷ் அமைச்சகமே அதை நீக்கியது; ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்துக்குத் தடை விதித்தது; 2025-இல் அந்த வழக்கும் முடித்து வைக்கப்பட்டது. இத்தனை இழுபறியில் ஒரு முறையாவது வாங்குபவரின் சுதந்திரம் பேசப்பட்டதா என்று தேடிப் பாருங்கள்.

அமெரிக்காவை எடுத்துக்காட்டும் நண்பர்களுக்கும் ஒரு சொல். அங்கே 1994-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, சத்து மாத்திரையை விற்பனைக்குக் கொண்டுவருமுன் அது பாதுகாப்பானது என்று அரசிடம் நிரூபிக்க வேண்டியதில்லை. எடை குறைக்கவென்று விற்கப்பட்ட எபெட்ரா என்ற மூலிகை மாத்திரை, மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் உயிரிழப்புகளுக்கும் தொடர்புடையதாகச் சொல்லப்பட்டு, 2004-இல்தான் தடை செய்யப்பட்டது. அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் அதை விழுங்கியவர்கள் சுதந்திரமாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று என்னால் சொல்ல இயலவில்லை.

சீந்தில் விவகாரத்தையும் இங்கே சொல்ல வேண்டும். கொரோனாக் காலத்தில் சீந்தில் பொடி உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்து, அதே இனத்தைச் சேர்ந்த வேறொரு கொடியைச் சீந்தில் என்று தவறாகக் கொண்டிருக்கலாம் என்றது. இருவரில் எவர் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் அமைச்சகத்தின் மறுப்பே என் பக்கத்தில்தான் நிற்கிறது. ஒரு கொடிக்குப் பதிலாக இன்னொன்று சந்தைக்கு வந்துவிடக்கூடும் என்றால், பொடியாக்கி அடைத்த பின் எந்த வாங்குபவர் அதைக் கண்டுபிடிக்க முடியும்? குரோமியக் கழிவு மண்ணிலும் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரிலும் கலந்த கதையை நேரில் அறிந்த மாவட்டத்துக்காரர்கள் நாம். மூலிகை எந்த மண்ணில் விளைந்தது, அதில் ஈயமும் குரோமியமும் சோதிக்கப்பட்டனவா என்று கேட்பதற்கு நம்மைவிட உரிமை உள்ளவர் யார்?

இப்படிக் கேட்டால் நாட்டு வைத்தியர்களை ஒழித்துவிடுவார்கள் என்று அஞ்சுகிறவர்களின் கவலையை நான் அலட்சியம் செய்யவில்லை. பெரிய நிறுவனம் எளிதில் கட்டிவிடும் சோதனைக் கட்டணம் சிறிய வைத்தியசாலையை மூட வைத்துவிடக்கூடும். அதற்கு அரசே சோதனைக் கூடம் நடத்திக் கட்டணத்தைக் குறைக்க வேண்டும். சோதனையே வேண்டாம் என்பது விடையாகாது. மேலும், நான் வழக்கமாகப் போகும் நாட்டு மருந்துக் கடைக்காரர், சரக்கை நிறுக்குமுன் ‘மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களாம்மா?’ என்று கேட்காமல் இருப்பதில்லை. அரசு மருத்துவமனையின் சித்த மருத்துவப் பிரிவில் என்னைப் பார்த்த மருத்துவரும் என் ஆங்கில மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்த பிறகுதான் எழுதத் தொடங்கினார். டெங்குக் காய்ச்சல் பரவிய காலத்தில் தெருவில் நின்று நிலவேம்புக் குடிநீர் ஊற்றினார்கள். அதில் சேரும் ஒன்பது சரக்குகள் இன்னவை என்று எவரும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடிந்தது. நேர்மையாகத் தொழில் செய்கிறவர்களுக்கு வெளிப்படைத்தன்மையால் இழப்பு ஏதுமில்லை. பெயர் சொல்லாத ‘இரகசியச் சேர்க்கை’யை அடைத்து விற்பவருக்குத்தான் இழப்பு.

ஆங்கில மருத்துவர்களிடமும் ஒரு வேண்டுகோள். வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். பதில் எதுவாக இருந்தாலும் சத்தம் போடாமல் எழுதிக்கொள்ளுங்கள். திட்டு வாங்கிய நோயாளி சூரணத்தை விடுவதில்லை, சொல்வதைத்தான் விட்டுவிடுகிறார். என் அம்மாவுக்குப் பின்னர் வாய்த்த மருத்துவர், மஞ்சள் கேப்சூலை ஏன் நிறுத்த வேண்டும் என்று தமிழில் பொறுமையாக விளக்கினார். கீரையை நாள்தோறும் ஒரே அளவில் சாப்பிடலாம் என்றும் சொன்னார். அம்மா அன்றே நிறுத்தினார். காரணம் தெரிந்ததால், எவரும் கட்டாயப்படுத்தாமல், தானாக எடுத்த முடிவு அது.

தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வொரு சத்து மாத்திரையிலும் மூலிகை மருந்திலும், சரக்குகளின் பெயர், அளவு, எந்த மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது என்ற எச்சரிக்கை ஆகியவை, விளம்பர வாசகம் எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ அதே அளவில் தமிழிலும் இருக்க வேண்டும் என்று கோரி, மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் அனுப்ப ஒரு மனுவை எழுதி வைத்திருக்கிறேன். கட்டுப்பாடே கூடாது என்று சொல்லும் நண்பர்களும் அதைப் படித்துப் பாருங்கள்; எந்தப் பொருளையும் தடை செய்யும்படி அதில் நான் கேட்கவில்லை. கையெழுத்திட விரும்புகிறவர்கள் உட்பெட்டியில் தெரிவித்தால் நகலை அனுப்பி வைக்கிறேன்.