வெள்ளி நிறத்துப் பென்ஸும் 75 ஓட்டைகளும்

"முழு வண்டிக்கும் பெயிண்ட் அடித்துவிடலாம் சார், புது வண்டி போல ஆகிவிடும்." கோவையில் மூன்று பட்டறைகளில் மூன்று பேர் எனக்கு இதையே சொன்னார்கள். அதில் ஒருவர் வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரண்டு லட்சம் என்றார். வெள்ளியை விட்டுவிட்டுக் கறுப்பு அடித்தால் எடுப்பாக இருக்கும் என்று ஆலோசனை வேறு. நிறம் மாறினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டுமே என்றேன். அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். யார் பார்ப்பது என்று சொல்லவில்லை.

வண்டி 1996ஆம் ஆண்டின் பென்ஸ் ஈ220. டபிள்யூ124 என்று பிரியர்கள் சொல்லும் வரிசை. மெர்சிடிஸ் நிறுவனம் இந்தியாவில் தயாரித்த முதல் கார் இதுதான். 1995இல் புனேயில், டாடா குழுமத்தின் டெல்கோவோடு கூட்டுச் சேர்ந்து தொடங்கினார்கள். அப்போது மில் முதலாளிகளின் வாசலில் நின்ற வண்டி, இன்று ஒரு சின்னப் புதுக் காரைவிடக் குறைந்த விலைக்குக் கைக்கு வந்துவிடுகிறது. பராமரிப்புச் செலவு மட்டும் இன்னும் மில் முதலாளியை மனதில் வைத்தே வருகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபிப்பவர்கள் இங்கேயே கோபித்துக்கொள்ளலாம். பழைய சொகுசுக் காருக்கு முழுப் பெயிண்ட் அடிக்கச் சொல்வது, பத்துக்கு எட்டு முறை வண்டியின் தேவைக்காக அல்ல, பட்டறையின் வசதிக்காக. ஒரு கதவுக்கு மட்டும் அடித்துப் பக்கத்துக் கதவோடு நிறம் சேர்ப்பது கடினம். அதிலும் மெட்டாலிக் வெள்ளி பெயிண்டரின் ஜாதகத்தையே சொல்லிவிடும். அதில் கலந்திருக்கும் அலுமினியத் துகள், ஸ்பிரே கன்னை எவ்வளவு தள்ளிப் பிடித்தோம், எவ்வளவு காற்று விட்டோம் என்பதைப் பொறுத்துப் படுத்தோ நிமிர்ந்தோ உட்காரும். நேரே நின்று பார்த்தால் ஒரே நிறமாகத் தெரிவது, பக்கவாட்டில் நடந்து வந்தால் இரண்டு நிறமாகிவிடும். முழு வண்டிக்கும் அடித்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. எல்லாம் ஒரே மாதிரி தவறாக இருக்கும், யாருக்கும் தெரியாது.

நான்காவதாகப் போன பெயிண்டர் அறுபது வயதைத் தாண்டியவர். வந்ததும் பானெட்டைத் திறக்கச் சொன்னார். ரேடியேட்டருக்கு மேலே உள்ள குறுக்குச் சட்டத்தில் ஒரு சின்னத் தகடு. அழுக்கைக் கட்டைவிரலால் துடைத்தார். 744 என்றிருந்தது. "பிரில்லியண்ட் சில்வர்" என்றார், தெரிந்த வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல. பிறகு கதவு கதவாக விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தவர், இடது பின்கதவில் நின்றார். "இங்கே பட்டி இருக்கிறது சார்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. நண்பர் ஒருவரிடம் பெயிண்டின் தடிமன் அளக்கும் கருவியை இரவல் வாங்கி அளந்தேன். கூரையில் 115 மைக்ரான். பானெட்டில் 120. அந்த இடது பின்கதவில் 640. விரல் முட்டி ஜெயித்தது. 115 மைக்ரான் என்றால் ஒன்றரைத் தலைமுடியின் கனம். அதற்குள்தான் பிரைமர், நிறம், மேலே கிளியர் என்னும் நிறமற்ற பூச்சு என எல்லாம் அடங்கியிருக்கிறது. கதவில் மட்டும் யாரோ எப்போதோ வாங்கிய இடியைப் பட்டி போட்டு மூடியிருக்கிறார்கள்.

மற்ற இடங்களில் இருப்பது தொழிற்சாலைப் பெயிண்ட் என்று தெரிந்த பிறகு அதைச் சுரண்டி எறிய எப்படி மனம் வரும்? தொழிற்சாலையில் வெறும் தகட்டுக் கூட்டைப் பிரைமர் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, மூலைமுடுக்கெல்லாம் பிடிக்க வைத்து, 150 டிகிரிக்கு மேல் சுடுகிறார்கள். பட்டறையில் முழு வண்டி நிற்கிறது: ரப்பர், பிளாஸ்டிக், ஒயர், சீட் எல்லாவற்றோடும். அங்கே சூளை இருந்தாலும் 60, 70 டிகிரிக்கு மேல் போக முடியாது. எவ்வளவு கைதேர்ந்தவர் அடித்தாலும் முதல் பூச்சு திரும்பி வராது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் ஒரு கடையில் பாலிஷுக்கு விட்டேன். பெயர் வேண்டாம். வேகமாகச் சுற்றும் மெஷினை ஒரு பையன் பானெட்டின் விளிம்பில் அழுத்திப் பிடித்தான். விளிம்பில் பெயிண்ட் எப்போதும் மெல்லியது. ஐம்பது பைசா அளவுக்குக் கிளியர் எரிந்து, நிறமும் போய், சாம்பல் நிறப் பிரைமர் எட்டிப் பார்த்தது. "வெயிலில் தெரியாது சார்" என்றார் முதலாளி. நான் வேறெங்கே ஓட்டுவேன், சுரங்கத்திலா?

இந்த முறை பெயிண்டர் செய்தது வேறு. முதலில் கழுவி, களிமண் போன்ற ஒரு கட்டியை ஈரத்தோடு தேய்த்து ஒட்டியிருந்த தூசியையெல்லாம் எடுத்தார். கதவில் இரண்டடிக்கு இரண்டடி மாஸ்கிங் டேப் ஒட்டி, அதற்குள் மட்டும் மெல்லிய காம்பவுண்ட், அதாவது பாலிஷ் பசை, போட்டுப் பார்த்தார். அது போதுமென்றால் அதோடு சரி. கடினமானதைத் தொடவே கூடாது என்பது அவர் கொள்கை. கிளியரே 40, 50 மைக்ரான்தான். ஒரு தடவை நன்றாகப் பாலிஷ் போட்டால் இரண்டு மூன்று போய்விடும். இது வட்டி வராத சேமிப்பு, எடுக்க எடுக்கக் குறையும். வெயிலில் சிலந்தி வலை போலத் தெரிந்த கீறல்களில் முக்கால்வாசி போனது. அவையெல்லாம் தினமும் காலையில் காய்ந்த துணியால் தூசி தட்டியதால் வந்தவை. அந்தப் புண்ணியவான் நானேதான்.

நீர்ப்புள்ளிகள் எல்லாம் போகவில்லை. வண்டி கழுவச் சிறுவாணித் தண்ணீரா கிடைக்கும்? போர் தண்ணீர்தான். வெயிலில் காய்ந்தால் உப்பு வட்டம் வட்டமாகக் கிளியரைத் தின்றுவிடுகிறது. ஆழமாக இருந்த நாலைந்தை விட்டுவிடச் சொன்னார். விட்டோம்.

டிக்கி மூடியில் கிளியர் தோல் உரிவதுபோல உரிந்திருந்தது. அதற்குப் பாலிஷ் கிடையாது, அடித்தே ஆக வேண்டும். பழைய பட்டிக் கதவுக்கும் அதே. கதவுக்கு அடிக்கும்போது நிறத்தை முன்கதவின் பாதி வரை தூவி மங்கவிட்டு, கிளியரை அந்தக் கதவு முழுவதும் இழுத்துவிட்டார். கோடு எங்கே முடிகிறது என்று இன்றும் தேடுகிறேன்.

ஒன்றை இங்கே சொல்லாமல் போக முடியவில்லை. கிளியர் இறுகுவதற்குக் கலக்கும் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சோடு உள்ளே போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். அவர் மூக்கில் கட்டியிருந்தது கைக்குட்டை. முகமூடி வாங்கிக் கொடுத்தேன். "பழக்கமில்லை சார்" என்று ஆணியில் மாட்டிவிட்டார். இரண்டு லட்சம் கேட்ட கடையிலும் பையன்கள் கைக்குட்டையோடுதான் நின்றார்கள்.

கதவுகளின் கீழ்ப்பாதியில் கொஞ்சம் அடர்ந்த நிறத்தில் பிளாஸ்டிக் பலகைகள் உண்டு. 1989இல் தோற்றத்தை மாற்றியபோது இந்த வரிசைக்கு வந்தவை. மெர்சிடிஸின் அன்றைய வடிவமைப்புத் தலைவர் புரூனோ சாக்கோவின் பெயராலேயே சாக்கோ பலகைகள் என்பார்கள். ஜாக்கி வைக்கும் இடங்கள் இவற்றுக்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கின்றன. ஈரம் தங்கித் துரு பிடிப்பதும் அங்கேதான். பலகையைக் கழற்றாமல் மேலே பெயிண்ட் அடிப்பவர் எவ்வளவு குறைவாகக் கேட்டாலும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். எனக்கு வலது பின்பக்கம் உள்ளங்கை அளவு துரு இருந்தது. வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்தோம்.

இனி வீல். இதில்தான் எனக்கும் என் மைத்துனனுக்கும் சண்டை. பதினெட்டு அங்குலத்தில் கறுப்பு அலாய் போடலாம் மாமா என்றான். இந்த வண்டியின் அழகே 195/65 அளவில் 15 அங்குல டயரும் அதற்குள் அடக்கமான வீலும்தான். என்னிடம் இருப்பவை 15 ஓட்டை உள்ள தட்டையான அலாய். ஜெர்மானியர்கள் கேலியாகச் சாக்கடை மூடி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது, மறுக்க மாட்டேன். முந்தைய உரிமையாளர் ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்தாக வாங்கிப் போட்டிருந்தார். ஆக மொத்தம் 75 ஓட்டைகள்.

பிரேக்கிலிருந்து வரும் இரும்புத் தூள் சூட்டோடு வீலின் மேல்பூச்சான லாக்கரில் பதிந்து துருப் பிடிக்கும். தண்ணீர் ஊற்றும் கடைகளில் இதற்கு ஆசிட் போடுகிறார்கள். நிமிடத்தில் வெளுக்கும், ஆறு மாதத்தில் அலுமினியம் பொரிந்து வெள்ளைப் புழுக்கள் போல லாக்கருக்கு அடியில் ஓடும். நான் இரும்பை மட்டும் கரைக்கும் திரவத்தைத் தெளித்தேன். வீல் முழுக்கக் கத்தரிப்பூ நிறத்தில் அழுதது. பிறகு பழைய பல் துலக்கும் பிரஷ், ஓட்டை ஓட்டையாக. ஒரு வீலுக்கு ஒன்றரை மணி நேரம்.

பிளாட்பாரம் உரசிய விளிம்புகளைத் தேய்த்துச் சமன் செய்து பெயிண்ட் அடிக்க ஒரு கடையில் கொடுத்தேன். அழகாகத்தான் வந்தது. ஆனால் வீலைத் தாங்கும் ஹப்போடு ஒட்டும் பின்பக்கத்திலும் போல்ட் உட்காரும் குழிகளிலும் சேர்த்தே தடியாக அடித்துவிட்டார்கள். அங்கே பெயிண்ட் இருந்தால் ஓட ஓட நசுங்கும், போல்ட் தளரும். அவிநாசி சாலையில் எண்பதில் ஸ்டியரிங் நடுங்கியபோது முதலில் பேலன்சிங் என்றே நினைத்தேன். கழற்றி, அந்த இடங்களை மட்டும் சுரண்டி, போல்ட்டுகளை 110 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வைத்து முறுக்கி, நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பார்த்த பிறகே நிம்மதி வந்தது. வீல் வேலை செய்யும் கடையில் நிறத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைக் கேளுங்கள்.

வீலின் சரியான வெள்ளி எது என்பதில் கடைக்காரருக்கும் எனக்கும் ஒரு நாள் முழுக்க வாக்குவாதம். அவரிடம் இருந்த நிற அட்டையில் எதுவும் பொருந்தவில்லை. கடைசியில் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை எடுத்து வைத்தேன். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூடச் சாலையைப் பார்க்காத வீல். அதன் பெயிண்ட், வீலை வாங்கிய அன்றிருந்தபடியே இருந்தது. அதைப் பார்த்துத்தான் மற்ற நான்குக்கும் கலக்கினார்.

ஸ்டெப்னிக்கு மட்டும் எதுவும் செய்யவில்லை. பழைய வேட்டியில் சுற்றி மறுபடி டிக்கியிலேயே வைத்துவிட்டேன். மைத்துனன் வந்தால் டிக்கியைத் திறக்க விடுவதில்லை.