சுடுதண்ணி மட்டும் வேணாங்க
ரத்தக்கறைய வெந்நீர்ல ஊற வைங்கன்னு கட்டுரைல போட்டிருக்கீங்க, அதான் இடிக்குது. சூடு பட்டா ரத்தத்துல இருக்கிற புரோட்டீன் வெந்த முட்டை மாதிரி கெட்டியாகி நூல்லயே ஒட்டிக்கும், அப்புறம் எந்த பவுடர் போட்டாலும் லேசுல போகாது. நம்ம சென்னைல மே மாசம் மத்தியானம் மொட்டைமாடி டேங்க் தண்ணியே கொதிக்குது, அதனால குழாய நம்பாம ஃப்ரிட்ஜ் தண்ணிய ஊத்தி அலசுங்க. வெள்ளை பெட்ஷீட்ல காஞ்சு போயிருந்தா ஹைட்ரஜன் பெராக்சைடுன்னு கறைய வெளுக்க வைக்கிற திரவம் இருக்கு, பாட்டில்ல 6%னு இருந்தா சரிபாதி தண்ணி கலந்து 3% ஆக்கிட்டு விடுங்க, நுரை வந்து அடங்கினதும் அலசிடணும், கலர் துணின்னா முதல்ல ஓரமா டெஸ்ட் பண்ணுங்க. பட்டுப்புடவையா, ட்ரை கிளீனிங்தான், வீட்ல விளையாடாதீங்க. கார்ப்பெட்டுன்னா தேய்க்கவே கூடாது, ஈரத்துணியால ஓரத்துலேர்ந்து நடுவுக்கு ஒத்தி ஒத்தி எடுக்கணும், கறை போறவரைக்கும் வெயில்ல காய வைக்காதீங்க.