மூணே பொருள் போதுமாம், அஞ்சே நிமிஷமாம்!

நாய்க்கு வீட்டுலயே ஏதாவது செஞ்சு கொடுக்கலாம்னு நினைக்கிற நல்ல மனுஷங்களை இந்த ரெசிபிக்காரங்க படுத்துற பாடு இருக்கே, சொல்லி மாளாது. வாயைத் திறந்தா "ரொம்ப ஈஸி". "மூணே பொருள்". "அஞ்சே நிமிஷம்". நம்பி உள்ளே போனா, எடுத்த எடுப்பிலேயே பண்டத்தை உலர்த்துற டிஹைட்ரேட்டர் மெஷின் வந்து நிக்குது. அது ஓடுறதுக்கு ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம். அந்த நேரமெல்லாம் அஞ்சு நிமிஷக் கணக்குல வராதாம். பிசையறது வராது, ஆற வைக்கிறது வராது, பாத்திரம் கழுவுறது வரவே வராது. அப்போ அந்த அஞ்சு நிமிஷம் எதுக்குத்தான் கணக்கு? வீடியோ ஓடுற நேரமா?

அப்புறம் அந்த அச்சு. எலும்பு வடிவம், பாத வடிவம், இதய வடிவம். யாருக்குங்க இது? நாய் அதை வாங்கித் திருப்பிப் பார்த்து, "அடடா, எலும்பு மாதிரியே இருக்கே"ன்னு மெச்சிக்கவா போகுது? மோந்து பார்க்கும், கவ்வும், பாதி நேரம் மெல்லக்கூட செய்யாம முழுங்கிடும். இதுல மேல சிவப்பும் பச்சையுமா தூவல் வேற. நாயோட கண்ணுல நிறம் பிரிக்கிற கூம்பு செல்கள் ரெண்டே வகைதான். நீலமும் மஞ்சளும் தெரியும். சிவப்பையும் பச்சையையும் அதால பிரிச்சே பார்க்க முடியாது. ஆக, அந்தத் தூவல் நாய்க்கு இல்ல, கேமராவுக்கு. அதை ஒத்துக்கிட்டாவது போடலாம்ல?

சரி, அழகு அவங்க இஷ்டம். தொலையட்டும். எனக்கு வயிறு எரியறது வேற இடத்துல. சொல்ல வேண்டியதைச் சொல்லாம விடுறாங்களே, அங்க.

பீனட் பட்டரை எடுத்துக்குங்க. நாய் பிஸ்கட் ரெசிபின்னா பாதிக்கு மேல இது இருக்கும். "ரெண்டு ஸ்பூன் பீனட் பட்டர் சேர்த்துக்கோங்க", அவ்வளவுதான், அடுத்த வேலைக்குப் போயிடுவாங்க. டப்பாவைத் திருப்பிப் பின்னாடி என்ன எழுதியிருக்குன்னு படிங்கன்னு ஒரு வார்த்தை கிடையாது. சர்க்கரை சேர்க்காததுன்னு விக்கிற சில பீனட் பட்டர்ல சைலிட்டால்ங்கிற இனிப்பு இருக்கும். மனுஷனுக்கு அது பெரிய பிரச்சினை இல்ல. நாயோட கணையம் மட்டும் அதைப் பார்த்ததும் இன்சுலினைக் கொட்டித் தீர்த்துடும். அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள்ளயே ரத்தத்துல சர்க்கரை சரிஞ்சு, வாந்தி, தள்ளாட்டம், வலிப்புன்னு போகலாம். அளவு கூடினா கல்லீரலே போயிடும். கிலோவுக்கு 0.1 கிராம் உள்ளே போனாலே ஆபத்து ஆரம்பம். பத்து கிலோ நாய்க்கு ஒரே ஒரு கிராம்! இதுல கொடுமை என்னன்னா, எல்லா டப்பாவுலயும் சைலிட்டால்னு தெளிவா இருக்காது. பிர்ச் சுகர்னு இருக்கும், இல்லன்னா இ967னு ஒரு நம்பர் மட்டும் இருக்கும். "டயட்" பீனட் பட்டர்தான் உடம்புக்கு நல்லதுன்னு நினைச்சு, தேடிப் பிடிச்சு நாய்க்கு வாங்குறவங்கதான் இதுல மாட்டுவாங்க. அக்கறை அதிகமா உள்ளவனுக்கே ஆப்பு. ஒரு வரி, ஒரே ஒரு வரி எழுதினா என்ன கெட்டுப் போகும்?

அடுத்தது உலர்திராட்சை. "ஓட்ஸ், தேன், உலர்திராட்சை, எல்லாமே இயற்கை, நாய்க்கும் தரலாம்"னு கூச்சமே இல்லாம சொல்றாங்க. திராட்சையும் உலர்திராட்சையும் நாயோட சிறுநீரகத்தை அடிச்சுப் போட்டுடும்னு கால்நடை மருத்துவர்கள் தொண்டைத் தண்ணி வத்துற வரைக்கும் சொல்லிட்டாங்க. எதனாலன்னுதான் ரொம்ப நாள் பிடிபடாம இருந்துச்சு. 2021ல அமெரிக்காவோட விலங்கு நச்சுக் கட்டுப்பாட்டு மையத்து மருத்துவர்கள் டார்டாரிக் அமிலத்தைக் கைகாட்டினாங்க. துப்பு கிடைச்சது எங்கேன்னு பாருங்க: குழந்தைங்க விளையாட வீட்டுல பிசையற மாவை நாய் தின்னுட்டு, திராட்சை தின்ன மாதிரியே சிறுநீரகம் பழுதாகி வந்திருக்கு. அந்த மாவுல இருந்தது கிரீம் ஆஃப் டார்டார். அதாவது, டார்டாரிக் அமிலத்தோட உப்பு. அந்தப் பொடியையும் இப்போ "பிஸ்கட் உப்பி வரும்"னு நாய் ரெசிபில போடுறவங்க இருக்காங்க. நாய் பிஸ்கட் எதுக்குங்க உப்பணும்? உப்பலைன்னு எந்த நாய் சண்டைக்கு வந்துச்சு?

பூண்டுக்காரங்க தனி ரகம். "பூண்டு போட்டா உண்ணி அண்டாது, தெள்ளு வராது." ஆதாரம் கேட்டா கிடையாது. வெங்காயம், பூண்டு, அதோட குடும்பம் மொத்தத்துலயும் இருக்கிற கந்தகச் சேர்மங்கள் நாயோட ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைச்சு ரத்தசோகையில கொண்டுபோய் விடும். பொடியாக்கினா இன்னும் மோசம், ஏன்னா கொஞ்சத்துலயே நிறைய அடங்கிடும். இதுல பாதிப்பு அன்னைக்கே தெரியாது. சில நாள் கழிச்சுத்தான் நாய் சோர்ந்து படுக்கும், ஈறு வெளுக்கும், சிறுநீர் கறுத்துப் போகும். அதுக்குள்ள போன வாரம் கொடுத்த பிஸ்கட் யாருக்கு ஞாபகம் இருக்கும்? "எங்க நாய்க்கு வருஷக்கணக்கா கொடுக்கிறோம், ஒண்ணும் ஆகலையே"ன்னு நெஞ்சை நிமிர்த்திச் சொல்றாங்களே, அந்த தைரியம் இப்படித்தான் வருது.

சாக்லேட்டை மட்டும் எல்லாரும் மறக்காம எச்சரிக்கிறாங்க. தெரிஞ்ச ஒண்ணு அதுதான் போல.

இப்போ அளவுக்கு வருவோம். எனக்கு ரத்தம் கொதிக்கிறது இங்கதான். ரெசிபியோட கடைசி வரி என்ன தெரியுமா? "உங்க செல்லத்துக்குக் கொடுத்து மகிழுங்கள்!" எத்தனை கொடுக்கணும்? அதைச் சொல்ல மாட்டாங்க. நாயோட எடை என்னன்னு கேட்கக்கூட மாட்டாங்க. நாலு கிலோ நாயும் நாப்பது கிலோ நாயும் அவங்களுக்கு ஒண்ணுதான். ஒரு நாளைக்கு நாய்க்குத் தேவையான கலோரியில பத்து சதவீதத்துக்கு மேல தின்பண்டமா போகக்கூடாதுங்கிறது மருத்துவர்கள் பொதுவா சொல்ற கணக்கு. கருத்தடை செஞ்ச, நல்லா வளர்ந்த பத்து கிலோ நாய்க்கு நாளைக்கு ஏறக்குறைய 630 கலோரி தேவைப்படும். அப்போ தின்பண்டத்துக்கு ஒதுக்கிறது 63. நாலு கிலோ நாய்னா முப்பது சொச்சம். ஒரு பெரிய ஸ்பூன் பீனட் பட்டர்ல மட்டும் தொண்ணூத்துக்கு மேல கலோரி இருக்கு! பொம்மைக்குள்ள பீனட் பட்டரை அடைச்சு அந்தக் குட்டி நாய்கிட்ட கொடுத்துட்டு, "எவ்வளவு சந்தோஷமா நக்குது பாருங்க"ன்னு சிரிக்கிறாங்க. மூணு நாள் கோட்டாவை ஒரே மூச்சுல முடிச்சா அது ஏன் சந்தோஷமா நக்காது? அதுக்கு மேல, கொழுப்பு அதிகமானா கணைய அழற்சி வர்ற நாய்ங்க எத்தனையோ உண்டு.

மாவு பதத்தைப் பத்திப் பேசாம விட்டா என் மனசு ஆறாது. "ஒரு கப் பூசணிக் கூழ், ரெண்டு கப் மாவு." எந்தக் கப்? கூழ்ல எவ்வளவு தண்ணி? வேகவைச்சு வடிச்சதுக்கும் வடிக்காததுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கை முழுக்க ஒட்டிக்கிட்டு நிக்கும்போது, "தேவைக்கு ஏத்த மாதிரி மாவு சேர்த்துக்கோங்க"ன்னு ஒரு அடிக்குறிப்பு. அது தெரிஞ்சா நான் எதுக்கு ரெசிபி பார்க்கிறேன்? எத்தனை மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்க்கணும்? சொல்லலை. அடுத்து, "பொன்னிறமாகும் வரை வேகவையுங்கள்." ஐயா, பூசணி போட்ட மாவு பிசையும்போதே பொன்னிறம்தான்!

வெந்ததுக்கு அப்புறம் இன்னொரு பொய். "காத்துப் புகாத டப்பாவில் போட்டு வெச்சா ஒரு மாசம் தாங்கும்." கடை பிஸ்கட் தாங்குதுன்னா அதுல ஈரம் கிட்டத்தட்ட கிடையாது, கெடாம இருக்கச் சேர்மானமும் இருக்கலாம். இது உப்பு போடாத, சர்க்கரை போடாத, உள்ளே இன்னும் மெத்துன்னு ஈரம் இருக்கிற பண்டம். சூடு ஆறாம டப்பாவுல போட்டு மூடினா ஆவி உள்ளயே தண்ணியாகி, சில நாள்ல பூசணம் பூத்துடும். மெத்துன்னு இருக்கிறதை ஃப்ரிட்ஜுல வெச்சு அஞ்சாறு நாளைக்குள்ள தீர்க்கணும், இல்ல ஃப்ரீஸர்ல போடணும். வெளிய வைக்கணும்னா கடக்குன்னு உடையிற அளவுக்கு உலரணும். அதுக்கு ஒரு தந்திரமும் வேண்டாம். வெந்ததும் ஓவனை அணைச்சுட்டு, தட்டை வெளிய எடுக்காம ஒரு ரெண்டு மணி நேரம் அப்படியே விட்டா போதும். இந்த ஒரு வரிதான் மொத்த ரெசிபியிலயும் உருப்படியா இருந்திருக்கும். அது மட்டும் காணோம்.

"சும்மா குறை சொல்றியே, நீ எழுது பார்ப்போம்"னா, எழுதுறேன். ஓட்ஸைப் பொடிச்ச மாவு 200 கிராம். முட்டை ஒண்ணு. வேகவைச்சு நல்லா வடிச்ச பூசணிக் கூழ் 100 கிராம். உப்பு, சர்க்கரை, தேன் எதுவும் கிடையாது. பிசைஞ்சு அஞ்சு மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்ச்சு, கத்தியால ஒரு சென்டிமீட்டர் சதுரமா கோடு போட்டு வெட்டணும். 170 டிகிரியில இருபது, இருபத்தஞ்சு நிமிஷம். அணைச்சுட்டு உள்ளயே விட்டுடணும். ஒரு துண்டுக்குச் சுமாரா ஒன்றரை கலோரி வரும். நாலு கிலோ நாய்க்கு வேற எந்தத் தின்பண்டமும் தரலைன்னா நாளைக்கு இருபது துண்டு வரைக்கும் தரலாம். இவ்வளவுதான் விஷயம். இதை எழுத முடியாதா? எழுத முடியும். இதய வடிவம் இல்லாததால போட்டோவுல நல்லா இருக்காது, அதான்.

நடுவுல "தானியமே இல்லாதது" கோஷ்டி வேற. கோதுமை நாய்க்கு விஷம்ங்கிற மாதிரி பேசுறாங்க. ஓநாயைவிட நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கிற மரபணுப் பிரதிகள் பல மடங்கு அதிகம்னு 2013லயே ஆராய்ச்சி வந்தாச்சு. ஒவ்வாமை வர்ற நாய்ங்களைப் பார்த்தாலும் மாட்டிறைச்சி, பால் பொருள், கோழி இதுக்கெல்லாம் அடுத்துதான் கோதுமை வருது. தானியத்தை எடுத்துட்டுப் பட்டாணியும் பருப்புமா நிரப்பின தீவனத்துக்கும் நாய்ங்களோட இதயத் தசை நோய்க்கும் தொடர்பு உண்டான்னு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018ல விசாரணையே தொடங்குச்சு. அதுக்கு விடை இன்னும் முடிவாகலை. ஆனா நம்ம வீடியோக்காரங்க என்னவோ எல்லாம் முடிவாயிட்ட மாதிரி அடிச்சு விடுறாங்க.

இப்போ அந்த மெஷின். பச்சைக் கோழியை மெல்லிசா சீவி அப்படியே டிஹைட்ரேட்டர்ல அடுக்கி, குறைஞ்ச சூட்டுல ராத்திரி முழுக்க உலர்த்தினா ஜெர்க்கி, அதாவது கறி வத்தல், ரெடியாம். கோழியோட உள்சூடு 74 டிகிரி தொட்டாத்தான் சால்மொனெல்லாங்கிற கிருமி செத்துடுச்சுன்னு நம்பலாம். மெஷின்ல சதை காயும், ஆனா காயற வேகத்துல அந்தச் சூட்டை எட்டாமலே போகலாம். ஈரம் போன பிறகு கிருமி சூட்டை இன்னும் நல்லாத் தாங்கிக்கும். அதனாலதான் முதல்ல வேகவைச்சுட்டு அப்புறம் உலர்த்தச் சொல்றாங்க. எந்த வீடியோவுலயாவது இதைக் கேட்டிருக்கீங்களா? அந்தத் துண்டை நாய்க்கு ஊட்டின கையாலதான் அடுத்து குழந்தையைத் தூக்குறாங்க.

எப்படியும் வேகவைச்சே ஆகணும்னா அதோட நிறுத்திக்கலாமே! கோழி ஒத்துக்கிற நாய்னா, எலும்பு இல்லாத கறியை உப்பு, மசாலா, வெங்காயம் எதுவும் போடாம வெறும் தண்ணியில வேகவைச்சு, பட்டாணி அளவுக்கு நறுக்கி, ஒரு நாளைக்கு வேணுங்கிறதை மட்டும் வெளிய வெச்சுக்கிட்டு மிச்சத்தை ஃப்ரீஸர்ல போட்டா வேலை முடிஞ்சுது. நாய்க்குப் பழக்கம் சொல்லிக் கொடுக்கிறவங்க பையில இருக்கிறது பெரும்பாலும் இந்த மாதிரிச் சின்னத் துண்டுதான். கோழி ஆகாதா, கேரட்டை நறுக்கிக் கொடுங்க, பாதி நாய்ங்க அதுக்கே வாலாட்டும். ஆனா இதைப் படம் பிடிச்சா அரை நிமிஷம்கூட ஓடாது. எந்த மெஷினையும் விக்க முடியாது. அப்புறம் யார் சொல்லுவா?