விரல் பட்டதும் விழுந்த நிறுவனம்

தொண்ணூறுகளில் மல்யுத்த வீரர்களின் படம் போட்ட ட்ரம்ப் கார்டு விளையாடி வளர்ந்தவர்களில் நானும் ஒருவன். அந்த வீரர்களில் அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்று சத்தியம் செய்த வயது அது. மல்யுத்தம் என்றாலே டபிள்யூடபிள்யூஎஃப்தான் என்று நினைத்திருந்த எனக்கு, அதே காலத்தில் அமெரிக்காவில் அதனைப் பார்வையாளர் எண்ணிக்கையில் இடைவிடாமல் 83 வாரங்கள் தோற்கடித்த டபிள்யூசிடபிள்யூ என்ற போட்டி நிறுவனம் இருந்தது என்பது பல ஆண்டுகள் கழித்தே தெரியவந்தது. அதற்குள் அந்த நிறுவனமே இல்லாமல் போயிருந்தது.

பணத்துக்குக் குறைவில்லாத நிறுவனம் அது. 1988-இல் அதனை வாங்கிய டெட் டர்னர் சொந்தத் தொலைக்காட்சிகளை வைத்திருந்தவர். 1995 செப்டம்பரில் டபிள்யூடபிள்யூஎஃப்பின் ‘ரா’ ஒளிபரப்பாகும் அதே திங்கட்கிழமை இரவில் ‘நைட்ரோ’வைத் தொடங்கினார்கள். மறு ஆண்டு ஜூலையில், அதுவரை நல்லவனாகவே வலம்வந்த ஹல்க் ஹோகனை வில்லனாக்கி நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தார்கள். இப்படிப்பட்ட நிறுவனம் ஐந்தே ஆண்டுகளில் அழிந்ததற்கு டபிள்யூடபிள்யூஎஃப்பின் முதலாளி வின்ஸ் மக்மானின் சாமர்த்தியமே காரணம் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தங்கள் ரசிகர்களைத் தாங்களே கேலி செய்ததால்தான் அவர்கள் அழிந்தார்கள் என்பது என் கருத்து.

1999 ஜனவரி 4 அன்று நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். அட்லாண்டாவின் ஜார்ஜியா டோம் அரங்கம். ஆறு மாதங்களுக்கு முன் இதே அரங்கில், சுமார் 40,000 பேர் முன்னிலையில், ஹோகனை வீழ்த்திப் பட்டம் வென்றவர் கோல்ட்பர்க். முந்தைய வாரம் கெவின் நாஷிடம் அதை இழந்திருந்த அவர், அன்று நாஷுடன் மீண்டும் மோதுவார் என்று விளம்பரப்படுத்தியிருந்தார்கள். ஆனால் கதைப்படி கோல்ட்பர்க்கைக் காவலர்கள் கைது செய்து கொண்டுபோய்விட, அவர் இடத்தில் ஹோகன் வந்து நின்றார். மணி அடித்தது. ஹோகன் ஆள்காட்டி விரலால் நாஷின் மார்பை லேசாகத் தொட்டார். ஏறக்குறைய ஏழடி உயரமுள்ள நாஷ், ஏதோ இடி விழுந்தவர் போல மல்லாந்து விழுந்தார். நடுவர் மூன்று எண்ணி முடித்ததும் பட்டம் ஹோகனிடம் போய்ச் சேர்ந்தது. பிறகு இருவரும் கட்டிப்பிடித்துச் சிரித்தார்கள்.

மல்யுத்தம் முன்கூட்டியே முடிவு செய்யப்படுவது என்பதை எந்த ரசிகனுக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாரதக் கூத்தில் படுகளத்தன்று துரியோதனன் விழுவான் என்பது ஊருக்கே தெரியும். தெரிந்தும் ஊரே கூடுகிறது. அங்கே பீமன் விரலால் தொடையைத் தொட, துரியோதனன் சிரித்துக்கொண்டே சாய்ந்தால், கூடியிருப்பவர்கள் அடுத்த ஆண்டும் வருவார்களா?

அதே இரவில் இன்னொன்றும் நடந்தது. அன்றைய ரா நிகழ்ச்சி முன்பே பதிவு செய்யப்பட்டது. அதில் மிக் ஃபோலி என்ற வீரர் பட்டம் வெல்லப்போகிறார் என்பதை நைட்ரோவின் வர்ணனையாளர், மேலிடத்து உத்தரவின்படி, நேரலையிலேயே போட்டு உடைத்தார். அவருக்குப் பட்டம் கொடுத்தால் அரங்கு நிறைந்துவிடுமாம் என்ற கிண்டல் வேறு. பல ஆண்டுகள் உடம்பை நொறுக்கிக்கொண்டு உழைத்த மனிதர் வெல்லும் தருணத்தைக் காணப் பெருந்தொகையானோர் அப்போதே சேனலை மாற்றினார்கள். அன்றைய பார்வையாளர் மதிப்பீட்டுப் புள்ளிகளில் ரா 5.7, நைட்ரோ 5.0. போட்டியாளரின் நிகழ்ச்சிக்கு இதைவிட நல்ல விளம்பரத்தை யாரும் இலவசமாகச் செய்துகொடுத்ததில்லை.

இந்த நோய் அதற்கு முன்பே தொற்றியிருந்தது. ஓராண்டுக்கும் மேலாக வாய் திறக்காமல் அரங்கின் கூரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த டபிள்யூசிடபிள்யூ வீரர் ஸ்டிங், 1997 டிசம்பரில் ஹோகனைச் சந்தித்தபோது, ரசிகர்கள் கேட்டது சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு வெற்றியை மட்டுமே. நடுவரின் எண்ணிக்கைக் குளறுபடியால் அதுவும் கெட்டது. தன் கதை எப்படிப் போக வேண்டும் என்பதில் ஹோகனுக்கே உரிமை தரும் ஒப்பந்தம் இருக்கையில் வேறு என்ன நடக்கும்? மேலே இடமில்லை என்று உணர்ந்த எடி குரேரோ உள்ளிட்ட நான்கு வீரர்கள் 2000 ஜனவரியில் எதிர் முகாமுக்குப் போனார்கள். அங்கே எடி பிற்காலத்தில் பட்டம் வென்றார்.

2001 மார்ச்சில், அரங்கங்களை நிறைத்த அந்த நிறுவனத்தின் பெயரையும் ஒளிப்பதிவுகளையும் மக்மான் சில மில்லியன் டாலருக்கு வாங்கிப்போட்டார். பிலடெல்பியாவில் ஒரு பழைய பிங்கோ கூடத்தில் வளர்ந்த இசிடபிள்யூ என்ற மல்யுத்த நிறுவனமும் அடுத்த மாதமே திவாலானது. போட்டி ஒழிந்ததும் வென்றவர் செழித்தாரா என்றால் அதுவும் இல்லை. 2000-இல் அடிக்கடி 6 புள்ளிகளைத் தாண்டிய ரா, 2002 இறுதியில் 4-க்கும் கீழே கிடந்தது. டபிள்யூசிடபிள்யூ பக்கம் இருந்தவர்கள் எல்லோரும் இந்தப் பக்கம் வந்துவிடவில்லை. பலர் மல்யுத்தம் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள்.

அதன் பின் வந்தவர்கள் பாடம் படித்திருப்பார்கள் என்று நம்பினேன். டிஎன்ஏ என்ற மல்யுத்த நிறுவனம் 2010-இல் அதே ஹோகனை அழைத்துக்கொண்டு திங்கட்கிழமைக்கு வந்து, இரண்டு மாதங்களில் வியாழனுக்கே திரும்பியது. 2019-இல் தொடங்கிய ஏஇடபிள்யூ நிறுவனத்தின்மீது எனக்கு உண்மையான மதிப்பு உண்டு. 2023 ஆகஸ்டில் லண்டன் வெம்பிளி அரங்கை நிரப்பியது சாதாரணமான காரியமல்ல. ஆனால் அன்று மேடைக்குப் பின்னால் கைகலப்பில் ஈடுபட்ட சிஎம் பங்க் என்ற வீரர் பணிநீக்கம் செய்யப்பட்டு, டபிள்யூடபிள்யூஇக்கு (பழைய டபிள்யூடபிள்யூஎஃப்) திரும்பி, அங்கே நிலைத்துவிட்ட பிறகு, 2024 ஏப்ரலில் அந்தக் கைகலப்பின் கண்காணிப்புக் கேமராப் பதிவைத் தங்கள் நிகழ்ச்சியிலேயே ஒளிபரப்பினார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது 1999-இன் அந்த வர்ணனையாளர் குரல்தான் என் காதில் விழுந்தது.