"வித்துடுங்களேன் அக்கா" என்று சிரித்தவர்களுக்கு

சனிக்கிழமை நம் புகைப்படக் குழு சிங்கப்பூர் தேக்காவில் படம் எடுக்கப் போனபோது நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஆளாளுக்கு வாட்ஸ்அப்பில் "விடுங்கக்கா, சின்னப் பையன்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள். சின்னப் பையனுக்கு முப்பத்தைந்து வயது.

உங்களில் பாதிப் பேர் அங்கேதான் நின்றீர்கள். தூறல் போட்டது. பஃப்லோ ரோட்டில் பூக்கடை அம்மாவை என் பழைய லைக்கா ஃபிலிம் கேமராவில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். குழுவிலிருக்கும் அந்தத் தம்பி வந்து கேட்டார்: "அக்கா, அதோட விலை தெரியுமா? நீங்க வச்சு என்ன பண்ணப் போறீங்க? வித்துடுங்களேன், நானே எடுத்துக்கறேன்." எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்துவைத்தேன்.

விலை தெரியும் தம்பி. லைக்கா எம்6, 1984-இல் வந்த மாடல். 2002-இல் நிறுத்தி, 2022-இல் அதே பெயரில் மறுபடி கொண்டுவந்தார்கள் என்பதும் தெரியும். பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் பக்கம் கேமராக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும் விலைச்சீட்டை எனக்கும் படிக்கத் தெரியும். தாதி வேலை பார்ப்பவளுக்கு எண்கள் தெரியாதா என்ன?

தெரிந்துகொண்டேதான் பயன்படுத்துகிறேன். கேமராவைப் படம் எடுக்கத்தான் செய்திருக்கிறார்கள்.

அது சித்தப்பாவுடையது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். செகண்ட்ஹேண்டாக, தவணையில் வாங்கினார். சித்தி அதற்காகப் பல மாதம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை தேக்கா மார்க்கெட்டுக்கு என்னைக் கூட்டிப்போவார். கறிக்கடை வரிசையில் நிற்கும்போதே ஒரு ரோல் முடிந்துவிடும். ஒவ்வொரு படத்துக்கும் பிறகு ஃபிலிமை நகர்த்தும் லீவரை இழுக்கும் வேலை என்னுடையது. ஒரே இழுப்பில் போக வேண்டும், பாதியில் நிறுத்தினால் "என்னடி தூங்குறே" என்பார். கிரீஸ் கையோடு அதைத் தொடுவார், கைலியில் துடைப்பார். அவர் அதைப் பூட்டிவைத்து நான் பார்த்ததே இல்லை.

பூட்டிவைத்தது அவர் மகன். கேமராவைச் சித்தி என்னிடம் கொடுத்தார், கூட இருந்த 90 மில்லிமீட்டர் லென்ஸை அண்ணன் எடுத்துக்கொண்டார். பிளாஸ்டிக் பையில் சுற்றி, நாஃப்தலின் உருண்டை போட்டு, அலமாரியின் அடித்தட்டில் "பத்திரமாக" வைத்தார். போன வருடம் எடுத்துப் பார்த்தோம். கைபேசி டார்ச்சைப் பின்பக்கம் பிடித்தபோது உள்ளே வெள்ளை நூல் நூலாகப் பூஞ்சை, ஓரத்திலிருந்து நடுவரை கிளை விட்டிருந்தது. கண்ணாடி மேலிருக்கும் கோட்டிங்கையே அரித்துவிட்டது, துடைத்தால் போகிற அழுக்கு கிடையாது. சிங்கப்பூரில் சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல். இந்த ஊரில் இருட்டில் மூடிவைப்பதுதான் லென்ஸுக்குச் செய்கிற முதல் துரோகம்.

"அதுக்குத்தான் டிரை கேபினட் இருக்கே" என்பீர்கள். ஈரப்பதத்தைக் குறைத்து வைக்கிற அந்த அலமாரி என் வீட்டிலும் இருக்கிறது, 45 சதவீதத்தில் வைத்திருக்கிறேன். இரவு அங்கே தூங்கும், லீவு நாளில் வெளியே வரும். வருடக்கணக்கில் அசையாமல் கிடந்தால் எண்ணெய் இறுகி ஷட்டர் மெதுவாகிவிடும் என்று ரிப்பேர் பண்ணுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

மழையில் காட்டலாமா என்றால், கொட்டுகிற மழையில் காட்டக் கூடாதுதான், தண்ணீர் புகாமலிருக்க அதில் ஒரு பாதுகாப்பும் கிடையாது. சனிக்கிழமை விழுந்தது தூறல். திருட்டுப் போகாதா? பட்டுப்புடவையும்தான் கிழியும், அதற்காகக் கல்யாணத்துக்கு நைட்டியில் போவதா? கைபேசியிலேயே நல்ல படம் வருமே என்பவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

ஃபிலிம் செலவைப் பற்றிக் கேட்டவர்கள் மட்டும் நியாயமாகக் கேட்டார்கள். முப்பத்தாறு படத்துக்கு ரோல், டெவலப், ஸ்கேன் என்று வெள்ளி கரைகிறது. ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது. அதற்காகத்தான் ஒரு நாளைக்கு ஒரு ரோல் மட்டும் என்று வைத்திருக்கிறேன்.

அப்புறம், அன்று எத்தனை பேர் கவனித்தீர்களோ தெரியாது. பழைய எம்6-இன் மேல்தகடு துத்தநாகக் கலவை. வயதானால் கறுப்புப் பூச்சுக்கடியில் சின்னச் சின்னக் கொப்புளம் கிளம்பும். என்னுடையதில் ஷட்டர் டயல் பக்கத்தில் இரண்டு இருக்கின்றன. தம்பி கேமராவை வாங்கி, கட்டைவிரலால் அந்தக் கொப்புளத்தைத் தடவி, "இதுக்கெல்லாம் ரேட் குறையும்க்கா" என்றாரே? விலைமதிப்பில்லாத பொருளை நான் பாழாக்குகிறேன் என்று ஒரு நிமிடம் முன்புவரை வருத்தப்பட்டவர்! என் கைக்கு வந்தால் பொக்கிஷம், அவர் வாங்குவதென்றால் கொப்புளம்.

குழுவில் ஆண்கள் யாரிடமாவது இப்படி யாரும் கேட்டிருக்கிறார்களா? பத்தாயிரம் வெள்ளிக்கு லென்ஸ் வாங்கி, மரினா பேயின் அதே விளக்கை, அதே படிக்கட்டில் நின்று எடுக்கிறார்கள். "அண்ணே, வித்துடுங்க" என்று ஒரு வாய் திறக்காது. தைப்பூசத்தன்று விடியற்காலை பெருமாள் கோயில் வாசலில் பால்குடக்காரர்களை எடுக்க நின்றால், "அக்கா, கொஞ்சம் நகருங்க, ஃபிரேம்ல வர்றீங்க." இரவு ஷிஃப்ட் முடித்து நேராக வந்து நிற்கிறவள் நகர வேண்டும். நகர்ந்தேன். இத்தனை வருடமாக நகர்ந்துகொண்டுதான் இருக்கிறேன். என் படத்தை ஒருவர்கூடக் கேட்டுப் பார்த்ததில்லை, என் கேமராவை மட்டும் எல்லாரும் கையில் வாங்கிப் பார்த்தாகிவிட்டது.

"கோபத்தில் எழுதியிருக்கீங்க" என்று வருவீர்கள். ஆமாம், கோபம்தான். நகைச்சுவை உணர்வு வேண்டும் என்று அறிவுரை சொல்ல வந்த குழு அண்ணனுக்கும் அதே பதில்.

பூக்கடை அம்மாவின் ரோல் இன்னும் கேமராவுக்குள்தான் இருக்கிறது, ஐந்தாறு படம் பாக்கி. தீர்ந்ததும் பிரிண்ட் போட்டு அவரிடமே கொடுப்பேன். விலை கேட்டு யாரும் இன்பாக்ஸுக்கு வர வேண்டாம். ரோல் மலிவாகக் கிடைக்கும் கடை தெரிந்தால் சொல்லுங்கள்.